பெங்களூரிலிருந்து மலையகத் தோட்டத்துக்கு ஊழியக் குழு: அழைப்பு முதல் திரும்பி வந்த பிறகு வரை

முதல் தடவை இலங்கை மலையகத்துக்குப் போனபோது நாற்பது பள்ளிக்கூடப் பைகளைச் சுமந்துகொண்டு போனோம். சிவாஜிநகரில் பேரம் பேசி வாங்கியவை. நாங்கள் போன டிவிஷனில், அதாவது தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவில், ஐந்து லயங்கள் (தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகள்), பிள்ளைகள் எழுபதுக்கு மேல். முன்கூட்டியே எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது லயத்தோடு பைகள் தீர்ந்துபோயின. ஆறாம் நாள் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம். அந்த ஊர்ப் போதகர்தான் நாலாவது லயத்துக்கும் ஐந்தாவது லயத்துக்கும் மாதக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சபைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் வருவதையே நிறுத்திவிட்டன.

அதற்குப் பிறகு நான்கு முறை போய் வந்தாயிற்று. லிங்கராஜபுரம், அல்சூர், விவேக்நகர் பக்கத்துத் தமிழ்ச் சபைகளிலிருந்து "பிரதர், நாங்களும் ஒரு டீம் கொண்டுபோகலாம்னு இருக்கோம், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். நேபாளத்துக்கோ கென்யாவுக்கோ போகிறவர்களுக்கும் பாதி பொருந்தும். மீதிப் பாதி அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

முதல் படி: அழைப்பு வரும்வரை டிக்கெட் பார்க்காதீர்கள்

பத்து மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் நான்கு மாதம் உங்களுக்கு ஒரே வேலைதான்: அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு சபையோடு பேசுவது. தென்னிந்தியத் திருச்சபை என்ற சி.எஸ்.ஐ. காரர்களுக்கு அங்குள்ள ஆங்கிலிக்கன் அல்லது மெதடிஸ்ட் சபை வழியாக வாசல் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்டம் உண்டு. சுயாதீன சபையாக இருந்தால், அங்கே குறைந்தது பத்து வருடமாக ஊழியம் செய்யும் ஒருவரைத் தேடுங்கள். மலையகத்தில் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. 1854இல் கண்டிப் பகுதியில் தோட்டத் தொழிலாளருக்கென்று மிஷன் தொடங்கியபோது, உபதேசிகள் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். 'யாரும் எட்டாத மக்கள்' என்று நோட்டீஸ் அடிக்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அடிக்கட்டும்.

"நாங்கள் வந்து என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்கு "நீங்க வந்தாலே போதும்" என்பார்கள். "இந்த வருஷம் உங்கள் சபையில் எது நின்றுபோயிருக்கிறது? எதற்கு ஆள் இல்லை?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க இடம் இருக்கிறது, ஆள் இல்லை; ஆலயத்தின் கூரைத் தகடு ஒழுகுகிறது. நற்செய்திக் கூட்டம் வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. எங்கள் கமிட்டியில் இரண்டு பேருக்கு முகம் வாடியது.

தேதியை அவர்களே சொல்லட்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் மண்சரிவு பயம். 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. ஏப்ரலில் நுவரெலியா சீசன், அறை வாடகை எகிறும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை, ஹட்டன் ரயிலில் நிற்க இடம் இருக்காது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் மிஞ்சும். நிற்கப் பழகியவர்களுக்கு அது போதும்.

இரண்டாம் படி: யார் வீட்டுக்குப் போகிறோம் என்று படிப்பது

குழுவில் சேர்கிறவர்களுக்கு நான் வைக்கும் முதல் பாடம் வேதபாடம் அல்ல, சரித்திரம். 1820களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். 2023இல் இருநூறாவது ஆண்டை நினைத்து அதே வழியில் மறுபடி நடந்தார்கள். 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1948இல், நாடு சுதந்திரம் அடைந்த அதே வருடம், வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடில்லாதவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மனிதர்களை ரேஷன் அரிசி மாதிரி எடை போடாத குறை. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும்? எங்கள் குழுப் பையன் ஒருவன் எழுபது வயது ஆத்தாவிடம் "நீங்க எப்ப இந்தியா திரும்பி வருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அந்த ஆத்தாவின் இரண்டு அண்ணன்மார் அந்த ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போனவர்கள். அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றைக்கு வேறு பேச்சு எடுபடவில்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலருக்கு வேர் கே.ஜி.எஃப். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் இருந்த வீடுகளுக்கும் லைன் என்றுதான் பெயர். நான் பிறந்தது சாம்பியன் ரீஃப் லைனில். ஒரு சுவரை இரண்டு வீடு பங்கு போடுவது, குழாயடியில் வரிசை, கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி ஸ்கூல், 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது வீடு யாருடையது என்ற கேள்வி, எல்லாம் கேட்டு வளர்ந்த கதை. லயத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தாத்தா வீட்டு வாசனை அடித்தது. உங்கள் குழுவில் அப்படி இரண்டு பெரியவர்களாவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: சட்டம்

இதில் சோம்பல் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இலங்கைக்குப் போக இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி எடுக்க வேண்டும். அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதே மாதிரி வேடம் போட்ட தளங்கள் நிறைய. ஆனால் முக்கியமான விஷயம் வேறு: சுற்றுலா அனுமதியில் போய்ப் பிரசங்கம் செய்வதோ வகுப்பு எடுப்பதோ அந்த அனுமதிக்கு வெளியே. "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று நம் சபையிலேயே சொல்வார்கள். பிடிபட்டால் உங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். போலீஸ் நிலையத்துக்கு நடக்கப் போகிறவர் உங்களை அழைத்த போதகர். சமயப் பணிக்கு வேறு வகை விசா உண்டு. கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசு வழியாக அழைக்கும் சபை அதற்கு முயல வேண்டும், நேரம் பிடிக்கும். அது கிடைக்காத வருடம் நாங்கள் பார்வையாளராக மட்டும் போனோம். ஆராதனையில் உட்கார்ந்தோம், பாடினோம், வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். பிரசங்கம், வகுப்பு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள். எங்கள் பயணங்களிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது, 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நேபாளத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனம்: அங்கே 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினால் 5 வருடம் வரை சிறை, வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தல்.

அடுத்தது தோட்ட நிர்வாகம். லயம் நிற்கும் மண் தொழிலாளருடையது அல்ல, தோட்டத்துடையது. வெளிநாட்டார் வேனோடு உள்ளே போக மேனேஜரிடம், அவர்கள் வாயில் தொரையிடம், முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் போதகர் போய்ச் சொல்வார். நீங்களாகப் போய் நிற்காதீர்கள்.

மருத்துவ முகாம் பற்றி ஒரு வார்த்தை. நம் குழுவில் டாக்டர் இருந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு இல்லாமல் அங்கே ஒருவருக்கு மாத்திரை எழுத முடியாது. பெட்டி நிறைய மருந்து கொண்டுபோவதும் அப்படியே, அதற்குத் தனி அனுமதி வேண்டும். இலங்கையில் இலவச அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, கெட்டிக்காரத் தாதியர் இருக்கிறார்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று கொடுத்த நாடு அது. இந்தியாவிலிருந்து போய் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள்தான் பயப்படுவார்கள். உடனே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: ஆள் சேர்ப்பது

எட்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வேனில் அடங்க வேண்டும், போதகர் வீட்டில் இருக்கும் ஒரே கழிவறைக்கும் தாங்க வேண்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும், கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நன்றாகப் பாடுகிற மூன்று பேரைவிட பிளம்பிங் தெரிந்த ஒருவர் மேல். எங்கள் குழுவின் நட்சத்திரம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். அவர் இரண்டு வரி ஜெபம் பண்ணவே கூச்சப்படுவார், ஆனால் ஆலயத்து வயரிங்கை மூன்று நாளில் உள்ளூர்ப் பையன்கள் இருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சரிசெய்துவிட்டார்.

தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும். இது நம் ஊர்க் குறை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் என்று வளர்ந்த பிள்ளைகள் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அங்கே ஏழு வயதுப் பிள்ளை சங்கீதம் தடங்கலில்லாமல் வாசிக்கும்போது நம் இருபத்தைந்து வயதுக்காரர் விழிப்பது நன்றாக இருக்காது.

பிள்ளைகளோடு பழகப்போகிற ஒவ்வொருவருக்கும் போலீஸ் சான்று வாங்குங்கள், சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். ஒரு மூத்த ஐயா "என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். ஆமாம், எல்லாரையும்தான் என்று சொன்னேன். அவர் வரவில்லை. பரவாயில்லை.

ஐந்தாம் படி: பணம்

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எட்டு பேரின் டிக்கெட், வேன், தங்கல் எல்லாம் சேர்த்து வரும் தொகையில் அந்த ஊரில் ஒரு மாலை வகுப்பு ஆசிரியைக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம்? போட்டுப் பார்த்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், ஏன் என்று எழுதிவையுங்கள். எங்கள் விதி: பயணச் செலவு அவரவர் கைக்காசு, சபைக் காணிக்கை முழுவதும் வேலைக்கு.

சபை டிரஸ்டின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், தனி ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு நிற்காது. ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், பிறகு தலைவலி மிச்சம். இந்திய நோட்டு ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் வெளியே கொண்டுபோக முடியாது. யு.பி.ஐ. 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது என்று நம்பித் தோட்டத்துக் கடையில் போனை நீட்டாதீர்கள். ரொக்கம் வேண்டும்.

பொருள்களை இங்கிருந்து சுமக்க வேண்டாம். கூரைத் தகடு, கொப்பி என்று அங்கே சொல்லும் நோட்டுப் புத்தகம், பெயின்ட் எல்லாம் ஹட்டன் கடைவீதியில் கிடைக்கும். அங்கே வாங்கினால் அந்த ஊர் வியாபாரிக்கும் நாலு காசு, விமானத்தில் எடைக் கட்டணமும் இல்லை. யாருக்கு என்ன என்று பட்டியல் போடுவது உள்ளூர் சபைக் கமிட்டி. கொடுக்கும் கையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைக்கும் அதே கொப்பி, ஆராதனைக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்ற பேச்சே கூடாது. சோற்றைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பழி நம்மேல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது.

ஆறாம் படி: பயிற்சி

பத்து சனிக்கிழமை. பாட்டு, நாடகம் எல்லாம் இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். மீதி நாளில் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி. இதற்கு ஒரு நல்ல இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை தட்சிண கன்னடத்தில் சுள்ளியா, புத்தூர் பக்க ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். இரவுப் பேருந்தில் போய் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எதையும் கொடுக்காமல், எதையும் போதிக்காமல். சிலருக்கு அந்தப் பக்கம் இன்னும் சொந்தம் இருக்கிறது. சேதி கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோங்கள்.

பேச்சையும் அங்கேயே பழகலாம். லயம், காம்பரா என்ற அறை, இஸ்தோப்பு என்ற வாசல் திண்ணை, பெரட்டு என்ற காலை வேலைப் பிரிப்பு, பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகம், சாயத்தண்ணி என்ற பால் சேர்க்காத தேநீர். 'பேர் போடுவது' என்றால் அன்றைய நாள் சம்பளம் விழுவது. சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர். 'இன்னைக்கு அரைப் பேர்தான் தம்பி' என்று ஒரு அக்கா சொன்னால் அது என்ன வலி என்று உங்கள் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். நாள் சம்பளம் 1000 ரூபாயாக ஏற 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் 1350 ஆனது. இலங்கை ரூபாயில். நம் பணத்தில் 400க்குப் பக்கம்.

சாட்சி சொல்பவர்கள் எழுதிக் காட்ட வேண்டும். "நான் விக்கிரக ஆராதனை இருளில் கிடந்தேன்" என்று ஆரம்பிக்கும் சாட்சிகள் நம் சபையில் கைதட்டல் வாங்கும். லயத்தில் பக்கத்து வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கு எரியும். நடுவில் இருப்பது ஒரே சுவர். நாம் போன பிறகும் அந்த இரண்டு வீடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிற தெய்வத்தைத் தொடும் வரிகள் எல்லாவற்றையும் அடித்துவிடுகிறேன்.

ஏழாம் படி: அங்கே இருக்கும் நாட்கள்

கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து மலைக்கு ஏறத்தான் அரை நாள் ஆகும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர். பெங்களூர்க் குளிர் தெரியும் என்று வீறாப்பாகப் போய் நடுங்கியவர்கள் உண்டு.

காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் பெரட்டு. மாலை நாலரைக்குத்தான் பெண்கள் கூடையை இறக்குவார்கள். பிறகு தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை. நாங்கள் முதல் தடவை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தோம். மரியாதைக்கு வந்து உட்கார்ந்த அக்காமார் கண்ணயர்ந்தார்கள், எங்கள் பேச்சாளர் "ஆவியின் அமைதி" என்றார். இப்போது பகலில் கூரை வேலை, இரண்டரைக்குப் பிள்ளைகள், ஏழு மணிக்கு மேல் இரண்டே வீடு. ஒலிபெருக்கி கிடையவே கிடையாது. ஆலயத்துக்குப் பையோடு போனால் வாசலிலேயே திறந்து காட்டுங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த நாடு அது. முன்பின் தெரியாதவர் கையில் பெரிய பை இருந்தால் இன்னும் சிலருக்கு மனம் பதறும்.

வீட்டுக்குப் போனால் ரொட்டியும் சம்பலும் வரும். மறுக்காதீர்கள். அதே நேரம் எட்டு பேர் ஒரே வீட்டில் போய் உட்கார்ந்தால் அந்த வாரத்து மாவு போயிற்று. இரண்டு இரண்டு பேராகப் போங்கள், "சாயத்தண்ணி போதும்" என்று போதகர் மூலம் முன்பே சொல்லிவையுங்கள்.

நோயாளிக்கு ஜெபிக்கக் கேட்பார்கள், ஜெபியுங்கள். மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். எங்கள் குழுத் தம்பி ஒருவன் சர்க்கரை நோயுள்ள ஆத்தாவிடம் "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று சொல்லிவிட்டான். அவர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி மயங்கிவிட்டார். தோட்ட ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தது அந்தத் தம்பியேதான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

போட்டோ: பிள்ளைகளின் முகம் வேண்டாம், லயத்தின் உட்புறம் வேண்டாம். கூரையைப் போட்டோ எடுங்கள், அதற்குத்தானே காணிக்கை வாங்கினோம்.

எட்டாம் படி: திரும்பி வந்த பிறகு

இரண்டு வாரத்துக்குள் கணக்கு. ஒரு பிரதி நம் சபைக்கு, ஒரு பிரதி அந்தச் சபைக்கு. இயேசுவை ஏற்றுக்கொள்வதாக எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்ற எண்ணிக்கையை அறிக்கையில் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் குழுவினருக்குத் தனித்தனியாக உதவி கேட்டுச் செய்தி வரும், சிலது உண்மையிலேயே கண்ணீர் வரவழைக்கும். தனியாக ஒருவரும் அனுப்பக் கூடாது, போதகருக்கும் கமிட்டிக்கும் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் போன பணம் லயத்தில் என்ன செய்யும் என்று பள்ளிக்கூடப் பைகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன.

அடுத்த வருடம் புதுத் தோட்டம் தேடாதீர்கள். அதே இடம். வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், பொருளும் உயிரும் கொடுத்த மிஷனரிகளிடம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். ஐந்து வருடம் ஒரே படியில் ஏறி இறங்கினால்தான் அந்தச் சொல் பக்கத்தில் வரும்.

போன வருடம் எங்கள் குழுவில் ஓர் ஆளைக் குறைத்து, அந்த டிக்கெட் காசில் அந்தப் போதகரை இங்கே வரவழைத்தோம். சுற்றுலா விசாவில் வருகிறவர் இந்தியாவிலும் பிரசங்கம் செய்யக் கூடாது. அதனால் ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ரயிலில் கே.ஜி.எஃப். கூட்டிப் போனேன். சாம்பியன் ரீஃபில் பாதி இடிந்த லைன் ஒன்றின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். கதவு எண்ணை வாய்க்குள் எண்ணினார். பிறகு "உங்க லயத்துல குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன்.